இந்த வீட்டில் சாந்தா இல்லை

சுந்தரேசன் கல்கத்தாவுக்கு மாற்றலாகி வந்த புதிதில், பெஹாலாவில் கம்பெனி குவார்ட்டர்ஸ் கதவைத் தட்டிய நாலு பேர், "சாந்தா, தாதா, சாந்தா" என்றார்கள். வங்காளியில் தாதா என்றால் அண்ணா, சாந்தா என்றால் நன்கொடை. துர்கா பூஜைக்கு வசூல் செய்ய வந்திருக்கிறார்கள் என்பது அவருக்குப் புரியவில்லை. "இந்த வீட்ல சாந்தான்னு யாரும் இல்லை" என்று பாதி இந்தியிலும் பாதி தமிழிலும் சொல்லிக் கதவைச் சாத்தினார். யாரோ ஒரு பொம்மனாட்டியைத் தேடி வந்திருக்கிறான்கள் என்று மனைவியிடம் குரலைத் தாழ்த்தி வேறு சொன்னார். எதிர் வீட்டு வங்காளிக் குடும்பம் விழுந்து விழுந்து சிரித்தது. பேட்டையில் அந்தக் கதை இன்னும் ஓடுகிறது.

அதற்குப் பிறகு பூஜை சாந்தாவை அவர் ஒரு வருஷமும் தவறவிட்டதில்லை. பக்தி என்று யாராவது நினைத்தால் தப்பு. வெறும் பயம். பூஜை நடத்துகிற கிளப்காரர்கள் முகத்தைச் சுளித்துவிட்டால் நாளைக்குத் தெருவில் எப்படி நடப்பது என்ற பயம். ரசீதை ஷோகேஸ் கண்ணாடியில் ஒட்டி வைப்பார், வருகிறவர்கள் பார்க்கட்டும் என்று.

ஜெயலக்ஷ்மி இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். கணவர் மேல் இருந்த மரியாதை என்றைக்குப் போயிற்று என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. சண்டை போட்டுப் போகவில்லை, கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து போயிற்று. மனிதர் குடிப்பதில்லை, கை நீட்டுவதில்லை, சம்பளத்தை அப்படியே கொண்டுவந்து தருவார். அதைத் தவிர அவரைப் பற்றிச் சொல்ல அவளிடம் ஒன்றும் மிஞ்சவில்லை.

அலிப்பூரில் ஒரு அரசு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் அவருக்கு உத்தியோகம். யூனியனில் உறுப்பினர். சம்பள உயர்வு வந்தால் தன் தகுதிக்கு வந்தது என்பார், வராவிட்டால் யூனியன்காரன் தூங்குகிறான் என்பார். மற்றவர்கள் வாசலில் வெயிலில் நின்று கோஷம் போடுகிற நேரத்தில் கேன்டீனில் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து டோஸ்ட் சாப்பிடுவார். "நான் எந்தக் கொடிக்குக் கீழேயும் நின்னவன் இல்லை" என்பது அவருடைய பெருமை. நிழலில் உட்கார்ந்திருந்ததற்குக் கொள்கை என்று பேர் வைத்த மனிதரை ஜெயலக்ஷ்மி அவரைத் தவிர வேறு யாரையும் பார்த்ததில்லை.

அந்தக் கோடையில் யூனியன் பொருளாளர் ஸ்மிதா வீட்டுக்கு வந்தாள். அவரை சுந்தர்தா என்றும் ஜெயலக்ஷ்மியை பௌதி, அதாவது அண்ணி என்றும் கூப்பிடுகிறவள். கம்பெனி டிஸ்பென்சரிகளை மூடிவிட மேலிடத்தில் யோசனை நடக்கிறது என்றாள். அதைத் தடுக்க யூனியன் ஒரு அரசியல் நிதி திரட்டுகிறது. சட்டப்படி அது தனிக் கணக்கு, கட்டாயம் கிடையாது.

ஜெயலக்ஷ்மி காபி டம்ளரை ஸ்மிதா முன்னால் வைத்துவிட்டு உள்ளே போகாமல் அங்கேயே நின்றாள். அவளுக்கு முடக்குவாதம். டிஸ்பென்சரியில் ஊசி போட்டுக்கொண்டால்தான் விரல்கள் மடங்கும், ஜாக்கெட் கொக்கியைத் தானே மாட்டிக்கொள்ள முடியும்.

சுந்தரேசன் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "அரசியல் நமக்கு எதுக்கு? வேலை பார்க்கிறோம், சம்பளம் வாங்கறோம்."

"சுந்தர்தா, நம்ம முதலாளி யாரு?" என்று ஸ்மிதா வங்காளியில் கேட்டாள். "கடை வெச்சிருக்கிற சேட்டா? ஓட்டுல ஜெயிச்சு வர்றவங்கதான் நம்ம முதலாளி. நம்ம சம்பளம், பென்ஷன், பௌதிக்குப் போடற ஊசி, எல்லாத்தையும் அவங்கதான் தீர்மானிக்கிறாங்க. நமக்கு அரசியல் வேண்டாம்னா, நம்ம முதலாளிகிட்ட நமக்குப் பேச்சே இல்லைன்னு அர்த்தம். பத்து எம்.பி.யையாவது பார்த்துப் பேசணும், தொகுதியில நோட்டீஸ் அடிச்சுக் குடுக்கணும். அதுக்குத்தான் இந்தச் சாந்தா."

"தமிழ்ல சந்தான்னா பத்திரிகைக்குக் கட்டறது. கட்டினா வீட்டுக்குப் பத்திரிகை வரும். உங்க சாந்தாவைக் கட்டினா என்ன வரும்?"

"ஒண்ணும் வராது. வீட்ல இருக்கிறது போகாது."

அவர் அதைக் காதில் வாங்கவில்லை. பழைய நகைச்சுவை ஞாபகம் வந்துவிட்டது, முகம் மலர்ந்துவிட்டது. "இந்த வீட்ல சாந்தான்னு யாரும் இல்லைம்மா" என்று சொல்லித் தானே சிரித்தார். ஸ்மிதா காபியைக் குடிக்காமல் எழுந்து போனாள்.

அதோடு விட்டாரா என்றால் இல்லை. டிபன் நேரத்தில் செக்‌ஷன் முழுக்க இதைச் சொல்லிக் கைத்தட்டல் வாங்கினார். கேட்டவர்களுக்கும் கொடுக்க மனசில்லை, கொடுக்காததற்குக் கௌரவமான ஒரு காரணம்தான் வேண்டியிருந்தது. அதை அவர் இலவசமாக விநியோகம் செய்தார். சாய்ங்காலம் வீட்டுக்கு வந்து பெருமையாக ஜெயலக்ஷ்மியிடம் ஒப்பித்தார்.

எந்த டிஸ்பென்சரியை மூடுவது என்று முடிவெடுக்க மழைக்காலத்தில் டில்லியில் கமிட்டி கூடியது. வேறொரு ஊர் யூனியன் கிளைக்காரர்கள் தங்கள் எம்.பி.க்களைக் கூட்டிக்கொண்டு போய்ப் பேசினார்கள். அந்த ஊர் டிஸ்பென்சரி தப்பியது. இங்கே நிதி சேராததால் பெஹாலாவுக்காகப் பேச ஸ்மிதா ஒருத்திதான் போக முடிந்தது, அவளை வராந்தாவிலேயே உட்கார வைத்து அனுப்பிவிட்டார்கள்.

ஊசிக்காகப் போன ஜெயலக்ஷ்மி பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தாள். சுந்தரேசன் கொதித்துப் போனார். நேரே யூனியன் ஆபீசுக்குப் போய், "உறுப்பினர் நான், எனக்காக என்ன பண்ணினேள்?" என்று சத்தம் போட்டார். ஸ்மிதா அவருக்கு நாற்காலி போட்டாள், டீ வரவழைத்தாள். "அரசியல் நிதி குடுக்காதவங்களை எந்தச் சலுகையிலேர்ந்தும் விலக்கக் கூடாதுன்னு சட்டம், சுந்தர்தா. டிஸ்பென்சரி தப்பியிருந்தா பௌதிக்குத்தான் முதல் ஊசி" என்றாள். இதை வீட்டில் வந்து சொல்லி, "பார், அவளே ஒத்துண்டுட்டா, என் மேல தப்பே இல்லை" என்றார்.

வெளியே அந்த ஊசி என்ன விலை என்று பாலிகஞ்ச் மருந்துக்கடையில் விசாரித்துவிட்டு வந்தவர், "நல்லெண்ணெய் காய்ச்சித் தடவிப் பாரேன்" என்றார். அன்றிலிருந்து எதிர் வீட்டுக்காரி வந்துதான் ஜெயலக்ஷ்மிக்குக் கொக்கி மாட்டிவிட்டாள். அந்த நேரத்தில் சுந்தரேசன் கூச்சப்பட்டுக்கொண்டு பால்கனியில் போய் நிற்பார்.

பூஜை நெருங்கியது. ஞாயிற்றுக்கிழமை காலையில் கிளப் செயலாளரும் இன்னும் இரண்டு பேரும் ரசீதுப் புத்தகத்தோடு வந்தார்கள். "சாந்தா, தாதா" என்று முடிப்பதற்குள் சுந்தரேசன் பர்ஸைத் திறந்துவிட்டார். இந்த வருஷம் கொஞ்சம் சேர்த்தே எடுத்தார்.

ஜெயலக்ஷ்மி உள்ளேயிருந்து வந்தாள். கொக்கி மாட்டாத ஜாக்கெட்டின் மேல் புடவையை இழுத்துப் போர்த்தியிருந்தாள். கணவரைத் தாண்டி வாசலில் போய் நின்று, கைகூப்பி, நல்ல வங்காளியில் நிதானமாகச் சொன்னாள்: "மன்னிக்கணும். இந்த வீட்ல சாந்தான்னு யாரும் இல்லை."

பழைய கதை தெரிந்த செயலாளர் வாய்விட்டுச் சிரித்தார். கூட வந்தவர்களும் சிரித்தார்கள். அவள் கூப்பிய கையின் விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் கோணிக்கொண்டு நிற்பதைப் பார்த்ததும் ஒவ்வொருவராக நிறுத்தினார்கள்.

சுந்தரேசன் பர்ஸை மூடவும் தெரியாமல், நீட்டவும் தெரியாமல் நின்றார். ஜெயலக்ஷ்மி எதிர் வீட்டுக்காரியைக் கூப்பிட்டுக்கொண்டு உள்ளே போனாள்.