குறுக்கில் இறங்காதீர்கள்

அண்ணனின் கைப்பேசி இன்னும் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. கண்ணாடியில் நீளமாய் ஒரு விரிசல். அதன்மேல் அவரே ஒட்டிய டேப் மஞ்சளாகிவிட்டது. மாதம் ஒருமுறை சார்ஜ் போட்டு, அவர் கடைசியாக விளையாடிய விளையாட்டைத் திறப்பேன். ஒரு பாழுங்கிணறு. அதன் அடியில் முதுகில் மூட்டையோடு ஒரு மனிதன் நிற்கிறான். அவனை அங்கே இறக்கியது நான்தான்.

தேயிலைத் தோட்டத்தில் மரம் வெட்டும்போது கொப்பு விழுந்து அண்ணனுக்கு இடுப்புக்குக் கீழே உணர்வு போனது. தலவாக்கலைக்கு மேலே தொழிலாளர் வரிசை வீடான எங்கள் லயத்தில் எங்களுக்கு ஒரே அறை. அதில் அவர் கட்டில், என் மேசை, அம்மாவின் பெட்டி. நடுவில் ஓர் ஆள் திரும்பும் இடம். கொழும்பு வேலையை விட்டுவிட்டு, வீட்டிலிருந்தே கைப்பேசி விளையாட்டுகளுக்குத் தமிழில் வழிகாட்டி எழுத வந்தேன். எந்தக் கதவை எப்படித் திறப்பது, எந்தப் பூதத்தை எங்கே அடிப்பது என்று படிப்படியாய்ச் சொல்லவேண்டும். பாசத்தில் வந்துவிட்டாள் என்றது ஊர். உண்மையில் அந்த அறை என் கழுத்தை நெரித்தது. அம்மா பெரட்டில் பேர் கொடுத்துக் கொழுந்து பறிக்கப் போனபின் பகல் முழுக்க நாங்கள் இருவர்தான். வெளியே மூடுபனி இறங்கி ஜன்னலை அடைத்துவிட்டால், அண்ணன் மூச்சுவிடும் சத்தம்கூட எனக்கு எரிச்சலாய் இருக்கும். இதைச் சொல்ல இன்றும் வெட்கமாய்த்தான் இருக்கிறது.

நான் எழுதியதை முதலில் விளையாடிப் பார்ப்பவர் அவர்தான். "ஒன் வழிகாட்டி மலையில வேல வாங்குற நம்ம கண்டாக்கையா மாதிரியே இருக்கு புள்ள. போ, போங்குது. எங்க போறதுன்னு சொல்ல மாட்டேங்குது" என்பார். எரிச்சலோடு திருத்துவேன், திருத்தியபின் நன்றாகவே இருக்கும். எழுந்து நிற்க முடியாத மனிதர் அந்தத் திரைக்குள் ஊர் ஊராய் நடந்தார். ஒரு மலை ஏறி முடித்தால், "அப்பாடா" என்று உணர்வில்லாத தொடையைத் தேய்த்துக்கொள்வார். அவருக்கு மிஞ்சிய நடை அது ஒன்றுதான்.

கிணறு இருந்த விளையாட்டில் கோட்டைக்குப் போக வளைந்து வளைந்து ஒரு ரோடு உண்டு. நான் அதை விட்டுவிட்டுக் குறுக்கு வழியை எழுதினேன். எங்களில் யார் ரோட்டில் நடந்திருக்கிறோம்? பள்ளிக்கூடம், கோயில், கடை எதற்கும் தேயிலைக்குள் இறங்கும் குறுக்குதான். ரோடு தோட்டத்துத் துரையின் ஜீப்புக்கு. கிணற்றில் குதியுங்கள், அடியிலிருந்து கயிறு வீசி மறுபக்கம் ஏறினால் கோட்டை வாசல் என்று பெருமையாய் எழுதினேன். ஆனால் கயிறு ரோட்டோரக் குடிசையில்தான் கிடைக்கும். நான் முதல் தடவை ரோட்டில் போனபோது எடுத்தது என் பையில் கிடந்ததால், அதைச் சொல்லவே மறந்துபோனேன். விளையாட்டோ கடைசியாய் நின்ற இடத்தை மட்டும் தானாகவே சேமித்துக்கொள்ளும் வகை. கயிறில்லாமல் குதித்தவருக்கு முன்னேயும் வழியில்லை, பின்னேயும் வழியில்லை.

மூன்று வாரம் கழித்து வாசகர்கள் திட்டித் தீர்த்தபோதுதான் எனக்கு விஷயம் தெரிந்தது. பதறிப்போய் அண்ணனின் கைப்பேசியை வாங்கிப் பார்த்தேன். அவரும் கிணற்றுக்குள்தான் இருந்தார்.

"ஏண்ணே எங்கிட்ட சொல்லல?"

"நீ எழுதினா சரியாத்தான் இருக்கும்னு, சுத்திச் சுத்தி வழி தேடிக்கிட்டு இருந்தேன்."

முதலிலிருந்து ஆடச் சொன்னேன். "நடந்ததையெல்லாம் மறுபடி நடக்கணுமா? தெம்பில்ல புள்ள" என்றார். பிறகு, "நீ கொழும்புக்கே போயிரு. அம்மா பாத்துக்குவாங்க" என்றார். என் எரிச்சல் எல்லாம் அவருக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது. அழுதேன், ஆனால் போகவில்லை. அந்த மழைக்காலத்தில் சளி நெஞ்சில் கட்டி அவர்தான் போனார்.

இப்போது ஹட்டனில் எனக்குத் தனி அறை இருக்கிறது. பெரிய ஜன்னலும் உண்டு. அந்த வழிகாட்டியின் முதல் வரி இப்போது, "குறுக்கில் இறங்காதீர்கள், ரோட்டிலேயே போய்க் கயிற்றை எடுங்கள்." போன மாதம் விளையாட்டைச் செய்தவர்கள் அதைப் புதுப்பித்திருந்தார்கள். அண்ணனின் கைப்பேசியைத் திறந்தால், கிணற்றுச் சுவரில் ஓர் ஏணி. ஒரு தட்டுத் தட்டினால் அவன் ஏறிவிடுவான். கட்டைவிரலை ஏணிக்கு மேலே கொண்டுபோனேன். அண்ணன் கடைசியாய் நின்ற இடம் அது. விரலை எடுத்துவிட்டு இழுப்பறையை மூடினேன். அவன் இன்னும் அங்கேதான் நிற்கிறான். வழி வந்துவிட்டது, ஏற்றிவிடத்தான் எனக்குக் கை வரவில்லை.