படுக்கையில் சொன்னது

குடலிறக்க ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பிய செங்கல்வராயனுக்கு ஆறு வாரம் ஓய்வு என்று ஈ.எஸ்.ஐ. டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தார். அம்பத்தூர் எஸ்டேட்டில் பதினெட்டு வருஷம் லேத் ஓட்டியவனுக்கு, வெள்ளானூர் வீட்டில் பட்டப்பகலில் படுத்திருப்பது வெட்கமாக இருந்தது. குடத்தைத் தொட்டாலே மனைவி பொன்னியம்மா சத்தம் போட்டாள்.

"தையல் பிரிஞ்சா மறுபடியும் ஆஸ்பத்திரிக்கு யாரு அலையறது? பேசாம படுத்துகினு கெட."

தெருமுனை வரை மெதுவாக நடந்து திரும்பவே மூன்று வாரம் ஆயிற்று. பேச்சுத்துணைக்கு ஜேசுராஜ் ஒருவன்தான். கம்பெனியில் அடுத்த லேத்தில் நிற்பவன். பத்து வருஷமாக இருவரும் சேர்ந்தே சைக்கிளில் ஷிப்டுக்குப் போனவர்கள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும் சாத்துக்குடியோடு வந்துவிடுவான்.

அந்தக் கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. இரும்பைக் கடையும் டூலைக் கம்பெனி கொடுக்கும். அதைத் தீட்டிக்கொள்வது அவனவன் பாடு. தீட்டிய டூலை யாரும் அடுத்தவன் கண்ணில் காட்டமாட்டார்கள். டப்பாவில் வைத்துப் பூட்டிவிடுவார்கள். செங்கல்வராயன் கடைந்த பம்பு ஷாஃப்டில் ஒன்றுகூடக் கழிவென்று திரும்பி வந்ததில்லை. அதனால்தான் பெரிய லேத் அவனுடையதாக இருந்தது.

"நீ இல்லாம பாதி ஷாஃப்டு ரிஜெக்ட்டு மச்சான்," என்றான் ஜேசுராஜ், நான்காம் ஞாயிறு. "டூலு மூக்க அப்பிடி இன்னாதான் பண்றே? மந்திரமா போடுறே?"

சும்மா கிடந்தவனுக்கு அந்தப் பேச்சு இனித்தது. பிள்ளைகளின் சாக்பீஸை எடுத்து, தரையில் டூலின் மூக்கை வரைந்து காட்டினான். எவ்வளவு சாய்வு, தீட்டுகிற எண்ணெய்க்கல்லில் எந்தப் பக்கமாக எத்தனை இழுப்பு, எல்லாம் சொன்னான். பொன்னியம்மா தண்ணீருக்குப் போயிருந்த தைரியத்தில் இன்னொன்றும் சொன்னான்.

"குனிஞ்சா இன்னும் இழுக்குது மச்சான். அவகிட்ட சொல்லிடாத, பயந்துடுவா."

"சே, நான் போயி யார்கிட்ட சொல்லப்போறேன்?"

ஆறு வார ஓய்வு முடிந்து, வேலைக்குப் போகலாம் என்ற டாக்டர் சீட்டோடு போனான். பெரிய லேத்தின் முன்னால் ஜேசுராஜ் நின்றுகொண்டிருந்தான். ஃபோர்மேன் அய்யாசாமி இவனைப் பேக்கிங் பக்கம் அழைத்துப்போனார்.

"இனிமே உனக்கு இங்கதாம்பா. லைட் டூட்டி."

"டாக்டர் சீட்டு குடுத்துட்டாரு சார்."

"சீட்டு கெடக்கட்டும். குனிஞ்சா இழுக்குதாமே?"

செங்கல்வராயன் சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்தான். அதை அவன் சொன்னது ஒரே ஒரு ஆளிடம்தான்.

கட்டுவதற்காக வந்திருந்த ஷாஃப்டு ஒன்றை எடுத்து விரலால் தடவினான். கண்ணாடிபோல வழுக்கியது. தான் கடைந்ததுபோலவே இருந்தது. குறை சொல்ல ஒரு இடமில்லை.

மத்தியானம் ஜேசுராஜ் வந்து நின்றான்.

"உன் நல்லதுக்குத்தான் சொன்னேன் மச்சான். ஒடம்புன்னு ஒண்ணு கீதுல்ல?" பிறகு குரலைத் தாழ்த்தினான். "நீள ஷாஃப்டு மட்டும் நடுவுல அதிருது. இன்னா பண்ணா நிக்கும்?"

பதில் நாக்கு நுனியில் இருந்தது. போன மாதம் கேட்டிருந்தால் அதையும் வரைந்து காட்டியிருப்பான்.

"நான் பேக்கிங்ல கீறவன் சார்," என்றான் செங்கல்வராயன், பெட்டிக்குக் கயிறு போட்டபடி. "லேத்தப் பத்தி எனக்கு இன்னா தெரியும்?"

ஜேசுராஜ் சிரிக்கப் பார்த்தான். எதிரில் யாரும் சிரிக்கவில்லை. பெரிய லேத்துக்கே திரும்பிப் போனான்.