முப்பது பவுண், ஞாயிறு வரை செல்லும்

“அண்ணை, நீங்கள் போற இடமெண்டபடியால்தான் நான் பேசாமல் விட்டனான்.”

போன சனிக்கிழமை லண்டன் ஃபாரஸ்ட் கேட்டில், மரக்கறிக் கடையில், ஒரு கட்டு முருங்கைக்காயைக் கையில் பிடித்தபடி வதனி என்னிடம் சொன்னது இது. வதனி என் நண்பன் ஜெகனின் மனைவி. சத்தம் போடவில்லை. அழவும் இல்லை. நாலு பேர் பார்க்க ஏசியிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும்.

நான் போகிற இடம் எது? கோயில் இல்லை. நூலகம் இல்லை. கசினோ!

வாராவாரம் இந்தப் பக்கத்தில் உட்கார்ந்து ஊருக்கெல்லாம் புத்தி சொல்கிற மனுஷன் கசினோவுக்குப் போனானா என்று கேட்பீர்கள். போனான். எப்படிப் போனான் என்று சொல்கிறேன்… முழுவதும் படித்துவிட்டுத் திட்டுங்கள்.

நாலு மாதத்துக்கு முன் என் பிறந்தநாள். காலையிலேயே ஜெகனின் போன். எனக்கு நம்பமுடியவில்லை. ஏனென்றால் மூன்று வருடமாக அவன் பழைய கூட்டாளிகள் யாருடனும் பேசுவதில்லை.

லண்டன் வந்த புதிதில் பிளேஸ்டோவில் ஒரே அறையில் இருந்தவர்கள் நாங்கள். பிறகு அவன் சட்டனில் கடை போட்டான். கடை நன்றாக ஓடியது. கடைக் காசு ரூலெட் மேசைக்கு ஓடியது. கடைசியில் கடையே போய்விட்டது. வதனி மகளைக் கூட்டிக்கொண்டு வெளிக்கிட்ட அன்று, கோயிலில் கற்பூரம் கொளுத்திச் சத்தியம் பண்ணினான் — “என்ர காசு ஒரு சதமும் இனிச் சூதில போடமாட்டன்.” அவள் நின்றாள். திரும்பப் பிளேஸ்டோவில் ஒரு வாடகை வீடு, அவனுக்கு ஒரு கிடங்கில் ஷிப்ட் வேலை. வெட்கத்தில் எங்களையெல்லாம் ஒதுக்கிவிட்டான்.

அப்படிப்பட்டவன் தானாகக் கூப்பிட்டால்?

“மச்சான், இண்டைக்குப் பிறந்தநாளெல்லே? வெளிக்கிடு. மத்தியானச் சாப்பாடு என்ர பொறுப்பு.”

கண் கலங்கிவிட்டது. பெற்ற பிள்ளைகளே ஒரு கேக் படத்தை அனுப்பிவிட்டுக் கடமை முடிந்தது என்று இருக்கிற நாளில், பழைய கூட்டாளி ஞாபகம் வைத்துக் கூப்பிடுகிறான். மனைவி எடுத்துத் தந்த புதுச் சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

அவன் கூட்டிக்கொண்டுபோனது ஒரு கசினோவுக்கு. வாசலில் நின்றுவிட்டேன். “டேய், சத்தியம்?” என்றேன்.

“விசர்க் கதை கதையாதை. என்ர காசு ஒரு சதமும் போடுறேல்லை. எல்லாம் ஃப்ரீ பிளே.”

தெரியாத புண்ணியவான்களுக்குச் சொல்கிறேன். கசினோவில் சேர்ந்தால் ஓர் அட்டை தருவார்கள். அந்த அட்டைக்குள் இருபது பவுண் சும்மா போட்டுவிடுவார்கள். அதைக் காசாக எடுக்கமுடியாது; மெஷினில் அட்டையைச் செருகி விளையாடத்தான் வேண்டும். வென்றால் வென்ற காசு உங்களுக்கு. தோற்றால் போனது அவர்கள் காசு. உங்களுக்கு என்ன நட்டம்? ஒன்றுமில்லை. சொந்தச் சகோதரங்கள்கூட இவ்வளவு நல்ல பேச்சுப் பேசமாட்டார்கள்.

என் குணம் உங்களுக்குத் தெரியும். சும்மா கிடைப்பதை விடமாட்டேன். இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம் என்று வாங்கிய சவர்க்காரம் எங்கள் வீட்டில் இன்னும் ஐந்து வருடத்துக்குக் காணும். என் கண்முன்னால் இருபது பவுணை நீட்டினால் கையை இழுத்துக்கொள்வேனா? லைசென்ஸைக் காட்டினேன், போட்டோ எடுத்தார்கள், அட்டை வந்தது. அரை மணித்தியாலம் தட்டினேன். முடிவில் பதினேழு பவுண் கையில். எழும்பிவிட்டேன். சாப்பாடும் முடிந்தது, தேத்தண்ணியும் இலவசம். பஸ்ஸில் வரும்போது, கசினோவை ஏமாற்றிய முதல் யாழ்ப்பாணத்தான் நான்தான் என்று ஒரு பெருமை வேறு!

அடுத்த வாரம் போனில் மெசேஜ். பத்துப் பவுண் ஃப்ரீ பிளே, புதன்கிழமை மட்டும் செல்லும். போனேன். அதற்கடுத்த வாரமும் வந்தது. அதற்கும் போனேன்.

கவனியுங்கள். போகாவிட்டால் பத்துப் பவுண் நட்டம் என்று எனக்கு மனதில் பட்டது. என்னிடம் இல்லாத காசு, நான் கேட்காத காசு… அதை இழந்துவிடுவேனோ என்று பயந்து, முழங்கால் வலியோடு இரண்டு பஸ் மாறிப் போனேன். ஊதாரியைத்தான் சூது இழுக்கும் என்று இதே பத்தியில் ஒருமுறை எழுதியிருக்கிறேன். தவறு. சிக்கனக்காரனை இழுப்பது அதைவிடச் சுலபம். முடிவுத் திகதி போட்ட ஓர் இலவசத்தைக் காட்டினால் போதும்.

மூன்றாவது புதன்கிழமை ஃப்ரீ பிளே ஐந்து நிமிடத்தில் தீர்ந்துவிட்டது. வந்ததுக்கு இன்னும் கொஞ்சம் என்று என் சொந்தக் காசு பத்துப் பவுண் போட்டேன். போய்விட்டது. இந்தச் செய்தியை என் மனைவி இன்றைய பத்தியைப் படித்துத்தான் தெரிந்துகொள்ளப்போகிறார்.

அந்தக் கசினோவின் வரவேற்பு மேசையில் நிலானி என்று ஒரு தமிழ்ப் பிள்ளை நிற்பாள். இங்கேயே பிறந்தவள், மரியாதையானவள். ஒருநாள் அவளிடம் கேட்டேன், “பிள்ளை, இப்பிடிச் சும்மா அள்ளிக் குடுத்தா முதலாளிக்குக் கட்டுப்படியாகுமே?”

சிரித்தாள். “அங்கிள், இட்ஸ் நாட் மணி. ஸ்க்ரீன்ல ஒரு நம்பர் மட்டும்தான். வெண்ட உடன எழும்பிப் போறவை எத்தினை பேர் சொல்லுங்கோ?”

“நான் எழும்பினனான்.”

“ஓம். ஆனா நீங்க திரும்பி வந்தனீங்கள்தானே?”

அந்தப் பிள்ளை பகிடியாகத்தான் சொன்னாள். எனக்குச் செருப்பால் அடித்தமாதிரி இருந்தது. பிறகு குரலைத் தணித்துச் சொன்னாள், “கொஞ்ச நாள் வராம விட்டுப் பாருங்கோ அங்கிள். இன்னும் கூட அனுப்புவினம்.”

விட்டேன். இரண்டு மாதம் அந்தப் பக்கமே போகவில்லை. நல்ல பிள்ளைபோல் இருந்தேன். அப்போதுதான் மரக்கறிக் கடையில் வதனி பிடித்தாள்.

ஜெகன் கசினோவுக்குப் போகிறான் என்பது அவளுக்கு முதலே தெரியுமாம். கேட்டபோது அவன் சொன்ன பதில், “அவனும்தான் வாறவன். பேப்பரில எழுதிறவன் வாற இடத்தில என்ன பிழை?” அவள் என் பத்தியைத் தவறாமல் படிக்கிறவள். அதனால் விட்டுவிட்டாள். இப்போது இந்த மாத வாடகை கட்டவில்லை என்று வீட்டுக்காரன் கடிதம் போட்டிருக்கிறான்.

“கசினோவில ஒரு கையெழுத்து வைச்சா, பிறகு நாட்டில எந்தக் கசினோவுக்கும் உள்ள விடமாட்டினமாம் அண்ணை. ஆள் தானா விரும்பி வைக்கவேணும். நீங்கள் சொன்னாக் கேப்பார். கூட்டிக்கொண்டு போய் வைப்பியுங்கோ. இல்லாட்டி வியாழக்கிழமை நானும் பிள்ளையும் சட்டனில அக்கா வீட்டை போறம். இந்தமுறை திரும்பி வரமாட்டன்.”

சரி என்றேன். 

ஜெகனிடம் போனேன். ஒரு மணித்தியாலம் பேசினேன். மகளைப் பற்றிச் சொன்னபோது தலையைக் குனிந்துகொண்டு ஒத்துக்கொண்டான். புதன்கிழமை பகல் இருவரும் பஸ் ஏறினோம்.

பாதி வழியில் அவனாகவே சொன்னான், “நான் சத்தியத்தை மீறேல்லை மச்சான். ஃப்ரீ பிளே என்ர காசில்லை. அதில வெண்டதும் என்ர காசில்லை. முருகனுக்கு அது தெரியும்.”

“பிறகு?”

“பிறகு என்ன… அது முடிஞ்சுது. சம்பளம் வந்திருந்தது.”

எனக்கு வேறொன்று கேட்கவேண்டியிருந்தது.  வதனியிடம் பேசிய பிறகு வந்த கேள்வி. “என்னை ஏன்டா கூட்டிக்கொண்டு போனனீ?”

யன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னான். “புது ஆளைச் சேர்த்துவிட்டா எனக்கு இருபது பவுண் ஃப்ரீ பிளே. மாசத்துக்கு ஒராள்தான் கூட்டிக்கொண்டு போகலாம். ஃபேஸ்புக்கில ஆருக்குப் பிறந்தநாள் எண்டு பார்க்கிறனான்.” கொஞ்சம் பொறுத்து, “உன்னை மட்டும் அதுக்காகவெண்டு கூப்பிடேல்லை மச்சான்” என்றான்.

எனக்கு முன்னால் எத்தனை பேருக்கு இதே வசனத்தைச் சொன்னானோ? முப்பத்தைந்து வருடச் சிநேகிதம், விலை இருபது பவுண், அதுவும் காசாக எடுக்கமுடியாத இருபது பவுண். அவனை அந்த இடத்திலேயே விட்டுவிட்டு இறங்கியிருப்பேன். வதனியின் முகம் விடவில்லை.

கசினோவில் நிலானிதான் நின்றாள். விஷயத்தைச் சொன்னதும் அவளுடைய சிரிப்பு நின்றது. பக்கத்து அறைக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினாள். படிவத்தை வைத்து ஒவ்வொரு வரியாக விளக்கினாள். குறைந்தது ஆறு மாதத் தடை, இடையில் மனம் மாறினாலும் எடுக்கமுடியாது, எந்தக் கசினோ வாசலிலும் மறிப்பார்கள். “குட் டிசிஷன் அங்கிள்” என்று ஜெகனுக்குச் சொன்னாள். அவள் குரல் உண்மையாக இருந்தது.

ஜெகன் பேனாவை எடுத்தான். பெயரை எழுதினான். பிறந்த திகதியை எழுதினான். கையெழுத்துப் போடுகிற இடத்துக்கு வந்து நின்றுவிட்டான்.

“நீயும் வை” என்றான்.

“எனக்கு ஏன்டா?”

“தனிய வைக்க ஒருமாதிரிக் கிடக்கு. நான்தானே உன்னைக் கூட்டிக்கொண்டு வந்தனான். ரெண்டு பேருமா வைப்பம். வதனிக்கும் சொல்லலாம்.”

நியாயமான வேண்டுகோள். நிலானி இன்னொரு படிவத்தை எடுத்து என் பக்கம் வைத்தாள்.

இப்போது உங்களிடம் ஒன்றை ஒப்புக்கொள்ளவேண்டும். அன்று காலையில் எனக்கு மெசேஜ் வந்திருந்தது. உங்களைக் காணாமல் தவிக்கிறோம், முப்பது பவுண் ஃப்ரீ பிளே, ஞாயிறு வரை செல்லும். நிலானி சொன்னது சரி, வராமல் இருந்தால் கூட அனுப்புகிறார்கள். போவதாக நான் முடிவு எதுவும் எடுக்கவில்லை. சத்தியமாக எடுக்கவில்லை. ஆனால் அழிக்கவும் இல்லை.

படிவத்தைப் பார்த்தேன். முப்பது பவுண் ஞாபகம் வந்தது. “எனக்கு எதுக்கு… நான் என்ன சூதாடியே?” என்று இழுத்தேன். எவ்வளவு நேரம் இழுத்திருப்பேன்? மூன்று விநாடி இருக்கும்.

ஜெகனுக்கு அது போதும். சூதாடிக்குச் சூதாடியின் முகம் தெரியும்.

“பாத்தியே,” என்றான். கோபமில்லை. கிட்டத்தட்ட அன்பாகச் சொன்னான். “உனக்கே விட மனம் வருகுதில்லை. எனக்கு எப்பிடி வரும்?”

பேனாவை மேசையில் வைத்தான்.  பாய்ந்து அந்தப் பேனாவை எடுத்து என் படிவத்தில் விறுவிறு என்று கையெழுத்து வைத்தேன். “இஞ்சை பார், வைச்சிட்டன். இப்ப நீ வை” என்றேன். நிலானி என்னைப் போட்டோ எடுக்கவேண்டும் என்று சுவரோடு நிற்கச் சொன்னாள். நின்றேன். திரும்பிப் பார்த்தபோது அறைக் கதவு திறந்திருந்தது. அவனைக் காணவில்லை.

ஓடினேன். உள்வாசலில் காவலுக்கு நின்றவர் கையை நீட்டி மறித்தார். மரியாதையாகத்தான் மறித்தார். நான் இனி உள்ளே போகமுடியாது. எந்தக் கசினோவுக்கும் போகமுடியாது. ஒரு நிமிடத்துக்கு முன் நானே எழுதிக்கொடுத்தது அது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஜெகன் ஒரு மெஷினுக்கு முன்னால் நாற்காலியை இழுத்துப்போட்டுக்கொண்டு உட்காருவது தெரிந்தது.

நிலானி உள்ளே போய்ப் பேசிவிட்டு வந்தாள். “வரமாட்டாராம் அங்கிள். நாளைக்கு மனேஜர் அவரோட கதைப்பார். ஐ ஆம் சாரி.” அந்தப் பிள்ளையின் கண்ணைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை.

வெளியே தெருவில் ஒன்றரை மணித்தியாலம் நின்றேன். வதனியின் போன் வந்தது.

“அண்ணை, வைச்சிட்டாரே?”

“நான் வைச்சிட்டன்” என்றேன். பொய் எதுவும் வாயில் வரவில்லை.

 “நீங்களே?” என்றாள். பிறகு, “நல்லது அண்ணை” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். மறுநாள் காலை மகளையும் கூட்டிக்கொண்டு சட்டனுக்குப் போய்விட்டாள். ஜெகன் என் போனை எடுப்பதில்லை.

அந்த முப்பது பவுணை நான் விளையாடவில்லை. கையெழுத்து வைத்த உடனேயே என் அட்டையை அழித்துவிட்டார்கள். அதோடு அதுவும் போய்விட்டது.

கசினோவுக்கு ஒரு சதமும் செலவில்லை.