பெஞ்சின் அடியில் இருந்த கோப்பை

என் அப்பா பொய் சொன்னார். மறந்துபோய்ச் சொன்னதல்ல, தெரிந்தே சொன்னது. எங்கள் அன்பியத்துக் குடும்பங்கள் அத்தனையும் அதைக் கேட்டன, நம்பின.

அப்போது எனக்கு எட்டு வயது. வல்லக்கோட்டைக்குப் பக்கத்தில் புது மனையில் வீடு கட்டிக் குடிவந்திருந்தோம். சுற்றுவட்டாரக் கத்தோலிக்கக் குடும்பங்கள் சேர்ந்த அன்பியத்தின் ஜெபக் கூட்டம், வாரம் ஒரு வீடாகச் சுற்றி வரும். எங்கள் முறை வந்தால் உள்ளே இடம் போதாது. வாசலில் இருந்த துண்டுத் தோட்டத்தில்தான் எல்லாரும் உட்கார வேண்டும். வெயிலிலும் மழையிலும் கிடந்து தாங்குகிற இருக்கை எது என்று வீட்டில் ஒரு வாரம் பேச்சு நடந்தது. பிளாஸ்டிக் வேண்டாம் என்றாள் அம்மா. வெயிலில் வெளுத்துப்போன நாற்காலி ஒன்று போன முறை கால் முறிந்து எதிர்வீட்டு அத்தையைக் கீழே தள்ளியிருந்தது. அப்பா இரும்பு என்றார். மாமா சிரித்தார்.

“இரும்பா? மே மாசம் அதும்மேல குந்திப் பாரு மச்சான், தோசை மாதிரி திருப்பிப் போடணும். மழையில காலு துரு புடிச்சிக்கும். மரம் போடு, நான் செஞ்சு தர்றேன்.”

மாமா, அம்மாவின் தம்பி. குடியால் வேலையை இழந்தவர், இனித் தொடமாட்டேன் என்று சத்தியம் செய்துவிட்டு எங்கள் வீட்டில் தங்கியிருந்தார். ஒரு சொட்டு குடித்தாலும் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட வேண்டும் என்பது அப்பா போட்ட நிபந்தனை. ஒரகடத்தில், தொழிற்சாலைகள் கழித்துப்போடும் மரப்பெட்டிகளை உடைக்கிற பட்டறையில் அவருக்கு வேலை கிடைத்திருந்தது. அப்பா அவரை ஒருநாளும் நம்பவில்லை. மாமா வேலை முடிந்து வந்ததும் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டு, வாயை முகர்ந்து பார்த்து அப்பாவிடம் சொல்வது என் வேலை. தினமும் பீடி நாற்றமும் மரத்தூள் வாசனையும்தான். எனக்கு ஏமாற்றமாக இருக்கும்.

பெஞ்சு செய்ய, பட்டறையில் சொல்லிவிட்டு மாமா கனமான பலகைகளாகப் பொறுக்கி வந்தார். கணு விட்டதைத் தள்ளினார். தட்டிப் பார்த்துச் சத்தம் பிடிக்காததையும் தள்ளினார். மழைத் தண்ணீர் வடிய, பலகைக்கும் பலகைக்கும் நடுவில் விரற்கடை இடைவெளி விட்டார். கால் மண்ணில் பட்டால் கரையான் ஏறும் என்று செங்கல்மேல் நிறுத்தினார். மேல்பக்கத்தை இழைத்து எண்ணெய் பூசினார். அடியை யார் பார்க்கப் போகிறார்கள் என்று விட்டுவிட்டார்.

நான் பார்த்தேன். கூட்டத்தன்று மத்தியானம் அடியில் ஊர்ந்துபோய் மல்லாந்து படுத்தேன். பலகையில் கறுப்பு மையில் காம்பு வைத்த ஒரு கோப்பை, பக்கத்தில் ஒரு குடை. இரண்டையும் நெடுஞ்சாலை ஓட்டலின் பார் போர்டில் பார்த்திருக்கிறேன். அங்கே தோட்டத்தில் குடைக்குக் கீழே உட்கார்ந்துதான் குடிப்பார்கள். மாமா அகப்பட்டுக்கொண்டார் என்று எனக்கு ஒரே சந்தோஷம்.

ஜெபம் முடிந்து சுண்டல் கொடுக்கும்போது எதிர்வீட்டு அத்தை பெஞ்சைத் தட்டினாள். “கல்லு மாதிரி கீதுப்பா. நானே குந்திக்கினு கீறேன், ஆடல பாரு.” எல்லாரும் சிரித்தார்கள். மாமாவின் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் சொன்னேன்.

“இது பார்ல இருந்து தூக்கினு வந்தது. அடியில சாராய கிளாஸ் போட்டுக்கீது.”

யாரோ செல்போன் டார்ச்சை அடித்துக் குனிந்தார்கள். கோப்பை இருந்தது. மாமா அப்போதும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார்.

“அடி கழுத, அது பெட்டிமேல போடற மார்க்குடி. உள்ள உடையற சாமான் கீது, பாத்து எறக்குன்னு அர்த்தம். மச்சான், உன் ஸ்டோர்ல தெனம் பாக்குறியே, நீயே சொல்லேன்.”

எல்லாரும் அப்பாவைப் பார்த்தார்கள். அவர் ஒரு கம்பெனியில் ஸ்டோர் சூப்பர்வைசர். அவர் பேச்சுக்கு மதிப்பு உண்டு. சுண்டல் தட்டைக் கீழே வைத்தார்.

“எனக்குத் தெரியாதுப்பா. அந்த மாதிரி மார்க் எதையும் நான் பாத்ததில்ல.”

மறுநாள் காலை மாமா பையோடு சிங்கப்பெருமாள் கோவில் போகும் ஷேர் ஆட்டோவில் ஏறினார். அம்மா அழுதாள். அப்பா எனக்கு சாக்லேட் வாங்கித் தந்தார். நான் பெரிய காரியம் செய்துவிட்டதாக நினைத்துத் தின்றேன். மாமா ஓசூர்ப் பக்கம் போய் மறுபடி குடிக்கத் தொடங்கினார் என்று சில மாதம் கழித்துத் தெரிந்தது. “பாத்தியா, நான் சொன்னேன்ல?” என்றார் அப்பா.

இப்போது நானும் ஒரு தொழிற்சாலையில் பேக்கிங் பிரிவில் இருக்கிறேன். முதல் நாள், முதல் மணி நேரத்திலேயே சொல்லிக் கொடுத்துவிட்டார்கள்: கோப்பை போட்டிருந்தால் உடையும், குடை போட்டிருந்தால் நனையக் கூடாது. ஸ்டோரிலேயே காலத்தைக் கழித்தவருக்கு இது தெரியாதாம்.

அன்று மாமா கேட்டது என்னை அல்ல. மாமாவை வீட்டில் வைத்திருப்பதும் வெளியே அனுப்புவதும் என் அப்பாவின் ஒரு வார்த்தையில் இருந்தது என்று எட்டு வயதில் எனக்குப் புரியவில்லை. வாயை முகர என்னை ஏவியவர், நாற்றம் இல்லை என்று நான் வந்து சொன்ன ஒவ்வொரு நாளும் என்னைவிட அதிகம் ஏமாற்றமடைந்தார் என்பதும் புரியவில்லை.

அப்பாவிடம் வீட்டுக்குள் கேட்டுப் பார்த்துவிட்டேன். “பழைய கதை இன்னாத்துக்கு இப்ப?” என்கிறார். அது பதில் இல்லை. வரும் வெள்ளிக்கிழமை அன்பியம் எங்கள் வீட்டில். அதே குடும்பங்கள்தான் வருகின்றன. அப்பா, ஜெபம் முடிந்ததும் எழுந்து நின்று எல்லாருக்கும் கேட்கும்படி சொல்லுங்கள்: அந்த மார்க் என்னவென்று அன்றைக்கு உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?