ஆம்பளை வார்டுக்கு வந்த கொயினா

வெள்ளைக்கார டாக்டர் கப்பலேறியதும் மலாயா ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியின் மருந்து அலமாரிச் சாவி என் கைக்கு வந்தது. நான் காயத்துக்குக் கட்டுப் போடும் வெறும் டிரெசர். அயோடின் தடவத் தெரியும், அதிகாரமாகச் செருமத் தெரியும். அது போதுமென்று சனங்கள் என்னை டாக்டரையா ஆக்கிவிட்டார்கள்.

ஜப்பான்காரன் காலத்தில் மிஞ்சியது மலேரியாக் காய்ச்சலுக்கான ஒரே புட்டி கொயினா. மருந்துக்காகக் கோலா பிலா டவுனுக்கு அனுப்பிய ஆள் வெறுங்கையோடு திரும்பினான். ஆகவே பங்கீடு போட்டேன்: முதலில் குழந்தைகள், பிறகு பெண்கள். ஆம்பளை வார்டுக்குப் பட்டைக் கஷாயமும் என் நகைச்சுவையும். இரண்டுக்கும் காய்ச்சல் இறங்கவில்லை.

ஆனால் அங்கே யாரும் சண்டைக்கு வரவில்லை. எழுந்து நடப்பவனை ஜப்பான்காரர்கள் சயாமுக்கு ரயில் பாதை போட லாரியில் ஏற்றினார்கள். போனவர்கள் திரும்பவில்லை. பால் வெட்டும் ஒருவர், மனைவியை இழந்தவர், முறைக்காய்ச்சலோடு படுத்திருந்தார். ஒருநாள் நடுக்கம், மறுநாள் சும்மா இருப்பார். அவருடைய சின்ன மகள் கட்டிலுக்கடியில் தூங்குவாள்.

“டாக்டரையா, எனக்கு மருந்து கிருந்து குடுத்துராதீங்க. நான் லாரியில போயிட்டா இந்தப் புள்ளைக்கு யாருமில்ல.”

“பயப்படாதய்யா, என் கையால இதுவரைக்கும் எவனும் பொழைச்சதில்ல.”

வார்டே சிரித்தது.

லாரி வந்த அன்று அவருக்கு நடுக்க நாள். கட்டிலே ஆடியது. என் பங்கீட்டை நானே மெச்சிக்கொண்டேன். ஜப்பான் அதிகாரி அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். தோளையும் அமுக்கிப் பார்த்தார். பையிலிருந்து ஒரு பொட்டலம் கொயினாவை எடுத்தார். அத்தனை மாத்திரையை நான் மாதக்கணக்கில் கண்டதில்லை.

“எல்லாம் இவனுக்குத்தானாம், நல்ல உடம்பாம்,” என்றார் கூட வந்த மொழிபெயர்ப்பாளர். “அடுத்த லாரிக்கு இவன் நிக்கணும். இல்லேன்னா நீ ஏறணுமாம்.”

ஒரு சிப்பாயையும் விட்டுப் போனார்கள். காய்ச்சல்காரர் மாத்திரையை விழுங்கியதும் சிப்பாய் நாக்கைத் தூக்கச் சொல்லிப் பார்ப்பான். பக்கத்து வார்டில் குழந்தைகள் நடுங்கிக்கொண்டே இருந்தன. என் புட்டியும் காலி.

சில நாள் கழித்து, நடுக்க வேண்டிய நாளில், நானும் அவரும் கட்டிலில் உட்கார்ந்து காய்ச்சலுக்குக் காத்திருந்தோம்.

“குளிருதா?”

“இல்லீங்க.”

“லேசா?”

“பசிக்குதுங்க.”

லாரி வந்தது. மகளை என் பக்கம் தள்ளிவிட்டு அவர் தானே ஏறிக்கொண்டார். புழுதி அடங்கும்வரை அவள் பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“வழியில காய்ச்சல் வந்தா அப்பாவ இறக்கி விட்டுருவாங்கதானே?”

“ஆமா.”

“வருமா, டாக்டரையா?”

“கட்டாயம் வரும்மா,” என்றேன்.