பத்து சென்டிமீட்டர் வலி

கோட்டின் நீளம் பத்து சென்டிமீட்டர், மில்லிமீட்டருக்கு ஒன்றாக மொத்தம் நூறு மதிப்பெண். இடது முனையில் ‘வலியே இல்லை’, வலது முனையில் ‘தாங்கவே முடியாது’. உங்கள் வலி எங்கே இருக்கிறதோ அங்கே ஒரு கீறல் போடுங்கள் என்றார் டாக்டர்.

தொண்ணூறுகளின் கடைசி. மைசூர் மார்க்கெட்டில் எனக்கு வாழைப்பழக் கடை. பல மாதமாக வயிறு முறுக்கும், உப்பும், நினைத்தபோது ஓடவைக்கும். சோதனைகளில் கோளாறு ஒன்றுமில்லை, குடலுக்குக் கொஞ்சம் கூச்ச சுபாவம், அவ்வளவுதான் என்று அவர் சொல்லியிருந்தார். எனக்கோ உள்ளே புற்றுநோய் ஜமக்காளம் விரித்துப் படுத்திருப்பதாக நிச்சயம்.

நான் வியாபாரி. எதைச் சொன்னாலும் எதிராளி பாதியாகக் குறைப்பான். ஐம்பது வேண்டுமென்றால் தொண்ணூற்றைந்தில் ஆரம்பிக்க வேண்டும். கீறலைக் கடைசியில் போட்டேன்.

டாக்டர் குறைக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றினார். “இஷ்டொந்தா?” என்று கன்னடத்தில் வியந்தார். “இவ்வளவா? அப்போ நாளைக்கே குழாய் விட்டுப் பாத்துடலாம்.”

எந்த வழியாக என்பதையும் சொன்னார்.

“சார், ஸ்வல்ப கம்மி பண்ணிக்கலாம் சார். எழுபதுக்கு முடிச்சுக்கலாம்.”

“இதென்ன ரீ, மார்க்கெட்டா?” சிரித்துக்கொண்டே புதுத் தாள் கொடுத்தார். “போன பத்து நாளை யோசிச்சு, நிஜமா போட்டு நாளைக்கு எடுத்துட்டு வாங்க.”

மதியம் தாளை மடியில் வைத்து ஜன்னலோரம் உட்கார்ந்தேன். வெளியே தூறல். கோடு மெல்ல நீண்டு பாதையாயிற்று. செருப்பில்லாமல் அதில் நடந்தேன். பத்து நாட்களும் ஓரத்தில் மரங்களாக நின்றன. நாலு மரத்தடியில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். மற்றவற்றை வெறுமனே கடந்தேன். ஒன்றின் வேரை நனைத்துக் காவிரி ஓடியது. ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீரங்கப்பட்டணத்தில் தண்ணீருக்குள் கால் போட்டிருந்தபோது, வயிறு என்று ஒன்று இருப்பதே எனக்கு நினைவில்லை.

கீறல் நடுவில் விழுந்தது.

தாளின் அடியில் கடைசிக் கேள்வி, இதனால் வாழ்க்கை எவ்வளவு பாதிக்கிறது என்பது; அதற்கும் அதேபோல் ஒரு கோடு. அதிலும் நடுவிலேயே போட்டேன். மனைவி தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள், கொங்கு எல்லையை ஒட்டிய ஹனூர்ப் பக்கத்துக்காரி.

“ஏனுங்க, யாரோட வாழ்க்கைன்னு போட்டிருக்குதுங்களா?”

“இல்லையே.”

“அப்பப் பேனாவை இப்படிக் குடுங்க. ‘நான் போயிட்டா கடையை யாரு பாப்பா’ன்னு நித்தம் நாலு தடவை. வயித்துவலி உங்களுக்கு, கேக்கற வலி எனக்குங்க.”

கோடு அவளுக்குப் போதவில்லை. தாளின் விளிம்பு வரை அதை நீட்டி, அங்கே கீறினாள்.

மறுநாள் டாக்டர் ஸ்கேல் வைத்து அளந்தார். “வலி பாதிதான். பயம்தான் தாளைத் தாண்டிடுச்சு. குழாய் வேண்டா. அடுத்த மாசம் வீட்டுக்காரம்மாவையும் கூட்டிட்டு வாங்க.”

தெருவில் இறங்கினேன். வயிறு ஒரு முறுக்கு முறுக்கிற்று. நின்று, கண்ணை மூடி அளந்தேன். முப்பது. பேரம் பேச யாருமில்லை, முப்பதாகவே இருந்தது.