அடுப்பு மூட்டாத நாளில் வந்த மணம்

நொர்வேயின் குரோருட்டில் நாங்கள் குடியிருந்த மாடிக் கட்டடத்தின் வாசல் கதவில் ஒரு நாள் அறிவித்தல் ஒன்று ஒட்டியிருந்தது. கடுமையான மணம் வரும்படி சமைப்பவர்கள் கதவைச் சாத்தி வைக்கவும், அயலவரையும் நினைத்து நடக்கவும் என்று நொர்வேஜிய மொழியில் எழுதியிருந்தார்கள். யாருடைய வீடு என்று எழுதவில்லை. எழுதத் தேவையும் இருக்கவில்லை. அந்தப் படிக்கட்டில் தமிழ் வீடு இரண்டு. மேல்வீட்டில் இருந்தவன் தனி ஆள். காலையில் பாண், இரவில் பீட்சா. கடுகு வெடிக்கிற வீடு எங்களுடையது ஒன்றுதான்.

"என்ன மணமாம்?" என்று மனைவி கேட்டாள்.

"புளிச்ச மாதிரியும் கைச்ச மாதிரியும் ஏதோ மணமாம். சனிக்கிழமையிலை படியெல்லாம் நிக்குதாம். கீழ்வீட்டு மனிசி சொன்னவ."

"சனிக்கிழமை நான் வேலைக்கெல்லோ போறனான்? அண்டைக்குப் பழங்கறிதானே சூடாக்கிறது."

"வெள்ளிக்கிழமை சமைச்ச மணம் நிக்குதாக்கும்."

இப்படிச் சொன்னது நான்தான். நான் அதிகம் படித்தவன் இல்லை. சலவை ஆலையில் துணி மடிக்கிற வேலை. இந்த நாட்டு மனிதர் ஒன்றை எழுதி ஒட்டினால் அதில் உண்மை இருக்கும் என்று நினைக்கிறவன்.

அன்றிலிருந்து அவள் மிளகாய் பொரிப்பதை விட்டாள். பெருங்காய டப்பாவை மேல்தட்டுக்கு ஏற்றினாள். மார்கழிக் குளிரில் யன்னலைத் திறந்து வைத்துவிட்டு, கம்பளிச் சட்டையோடு நின்று பருப்பு அவித்தாள். சமைக்கும்போது கதவுக்குக் கீழே ஈரத் துவாய் ஒன்றைச் சுருட்டி வைப்பாள். வெள்ளிக்கிழமை சாமிக்குச் சாம்பிராணி போடுவதும் நின்றது. தாளிக்காத கறியைத் தின்னலாம். சாம்பிராணி இல்லாத வெள்ளிக்கிழமை எனக்குப் பெரிய குறையாக இருந்தது. சாமி படத்துக்கு முன்னால் நின்று, பொறுத்துக்கொள் அப்பனே என்று சொல்வேன்.

மேல்வீட்டுத் தம்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும். கூடப் பிறந்தவன் இல்லை. படிக்க வந்து, கந்தோரில் மேசை வேலை எடுத்து, தங்க இடமில்லாமல் அலைந்தபோது அந்த வீடு விலைக்கு வருவதை அவனுக்குச் சொன்னவன் நான். என்னை அண்ணை என்பான், மனைவியை அக்கா என்பான். கோயில் திருவிழாவில் என் பக்கத்தில் நின்று சாமி தூக்குவான். எங்களுக்கு வருகிற அரசாங்கக் கடிதமெல்லாம் அவன்தான் வாசித்துச் சொல்வது. அவனுடைய நொர்வேஜிய மொழி இந்த ஊரில் பிறந்தவனுடையதைப் போல இருக்கும்.

வசந்த காலத்தில் குடியிருப்பாளர்களின் ஆண்டுக் கூட்டம் வந்தது. "அண்ணை, நீங்கள் பேசாமல் இருங்கோ. மணப் பிரச்சினை வந்தால் நான் கதைக்கிறன்" என்று கூட்டிப்போனான். அந்தக் கதை வந்ததும் எழுந்து நின்றான். இவர்கள் நல்ல மனிதர்கள், சமயத்துக்காக நிறையச் சமைப்பவர்கள், மற்றவர்களுக்கு இடைஞ்சல் என்று அவர்களுக்குத் தெரியாது, நான் விளங்கப்படுத்துகிறேன், அவர்கள் சார்பில் மன்னிப்புக் கேட்கிறேன் என்றான். சலவை ஆலையில் நான் பொறுக்கிய மொழி சின்னதுதான். ஆனால் மணம், சாப்பாடு, மன்னிப்பு மூன்றும் அதற்குள் இருந்தன. எல்லோரும் என்னைப் பார்த்துப் புன்னகைத்தார்கள். நானும் தலையாட்டினேன்.

வீட்டில் மனைவி, "நாங்கள் ஏன் மன்னிப்புக் கேட்டனாங்கள்?" என்றாள்.

"அவன் எங்களுக்காகத்தானே கதைச்சவன்."

"அதில்லை. நாங்கள் என்ன செய்தனாங்கள்?"



இலையுதிர் காலத்தில் கந்தசட்டி விரதம் வந்தது. அந்த வருடம் சூரன்போர் ஒரு சனிக்கிழமையில் அமைந்தது. நானும் மனைவியும் தண்ணீரோடு இருந்தோம். மகள் பாணும் சீஸும் சாப்பிட்டுவிட்டுத் தோழி வீட்டுக்குப் போயிருந்தாள். முதல் நாள் கழுவித் துடைத்த அடுப்பைக் காலையிலிருந்து யாரும் தொடவில்லை. மத்தியானம் மனைவி சாமி அறையில் தேவாரம் படித்துக்கொண்டிருந்தபோது மணி அடித்தது. கீழ்வீட்டு மூதாட்டி. குடியிருப்பு நிர்வாகத்தில் இருப்பவர்.

"மறுபடியும்" என்றார், மூக்கைக் காட்டி.

அப்போதுதான் எனக்கும் தெரிந்தது. படிக்கட்டில் ஒரு மணம் நின்றது. மாவைக் கூழாகக் காய்ச்சுகிற மாதிரி ஓர் இனிப்பு, அதற்கு மேலே ஒரு கைப்பு. பசித்த வயிற்றுக்கு மணம் நன்றாகத் தெரியும். அது எங்கள் வீட்டு மணம் இல்லை. அதைச் சொல்ல அவர்கள் மொழியில் என்னிடம் சொல் இருக்கவில்லை. அந்த அம்மாவைக் கையால் உள்ளே அழைத்தேன். குசினிக்குள் கூட்டிப்போய், அடுப்பின் தட்டில் என் கையை வைத்துக் காட்டினேன். அவரும் தன் கையை வைத்தார். அடுத்த தட்டிலும் வைத்தார். அடுப்புக்குக் கீழே இருந்த வெதுப்பியையும் திறந்து பார்த்தார்.

"குளிர்ந்திருக்கிறது" என்றார்.

"இன்று சாப்பாடு இல்லை. கடவுள்" என்றேன். அவ்வளவுதான் சொல்லத் தெரிந்தது.

இரண்டு பேரும் வெளியே வந்து மணம் பிடித்தோம். அது மேலேயிருந்து இறங்கியது. ஏறினோம். கதவைத் திறந்த தம்பி முதலில் என்னைப் பார்த்தான், பிறகு அந்த அம்மாவைப் பார்த்தான். அவனுடைய கண்ணாடி முழுக்க ஆவி.

உள்ளே அவனுடைய அடுப்பில் பெரிய எவர்சில்வர் பானை. தேநீர் நிறத்தில் ஏதோ கொதித்துக் குமிழ் விட்டது. மேசையில் ஒரு பெட்டி; அதற்குள்ளிருந்து எடுத்த பாகு டின்னும், வெள்ளிக் காகிதப் பொட்டலங்களும், கோழித்தீன் போலப் பச்சை உருண்டைகளும் கிடந்தன. மூலையில் மூடியில் வளைந்த குழாய் பொருத்திய வெள்ளை வாளி. குளியலறைத் தொட்டியில் போத்தல்கள் ஊறின. ஒன்றிலும் அழுக்கு இல்லை. பூசைப் பாத்திரம்போல எல்லாவற்றையும் துலக்கி வரிசையில் கவிழ்த்திருந்தான்.

"நீ பியரா காய்ச்சுகிறாய்!" என்றார் அந்த அம்மா. அவர் முகம் மலர்ந்துவிட்டது. "என் கணவரும் காய்ச்சுவார். குளியலறை முழுக்க வாளிதான்."

அவனுக்கு உயிர் வந்தது. இது அமெரிக்க முறைப் பேல் ஏல், பெட்டியில் எல்லாம் அளந்து வரும், இந்தப் பச்சை உருண்டை ஹொப்ஸ் என்ற பூவை அரைத்தது, முதலில் போட்டால் கைப்பு, கடைசியில் போட்டால் வாசம் என்று விளங்கப்படுத்தினான். ஒரு பொட்டலத்தை அவருடைய மூக்குக்கு நீட்டினான். போன முறை காய்ச்சியதில் இரண்டு போத்தலும் கொடுத்தான். அவர் அவற்றை அணைத்துக்கொண்டு, இறங்கும்போது என் கையைத் தட்டினார்.

"பார், வெறும் பியர்தான்."

மன்னிப்பு என்ற சொல்லை அவர் சொல்வார் என்று நின்றேன். அவர் போய்விட்டார்.

"எவ்வளவு காலமாய்?" என்றேன்.

"போன மாரியிலையிருந்து அண்ணை."

"அப்ப, கூட்டத்திலை எழும்பி நிக்கேக்கை உனக்குத் தெரியும்."

அடுப்புக்குப் பக்கத்தில் மணிக்கருவி கத்தியது. உடனே அவன் திரும்பி ஒரு பொட்டலத்தைக் கிழித்துப் பானைக்குள் கொட்டினான். தோடம்பழத் தோலும் வெட்டின புல்லும் சேர்ந்த மாதிரி ஒரு மணம் குப்பென்று எழும்பியது.

"இப்ப போடாட்டி வாசம் வராது" என்றான், கிண்டிக்கொண்டே.

"நான் கேட்டதுக்குச் சொல்லு."

"அண்ணை, உங்கடை வீட்டிலை எப்பவும் ஏதோ ஒரு மணம் இருக்கும்தானே. அவையள் முந்தியே அப்பிடித்தான் நினைச்சவை. நான் புதுசாய் ஒண்டும் சொல்லேல்லை. எனக்கு இப்ப கலியாணம் பேசினம். பொம்பிளை வீட்டார் சுத்த சைவம். வீட்டிலை பியர் காய்ச்சிறவன் எண்டு ஆரும் ஒரு சொல்லுச் சொன்னால் முடிஞ்சுது."

"அதுக்கு உனக்கு என்ரை மனிசியின்ரை அடுப்போ கிடைச்சது?"

"அக்காவுக்கு என்ன குறைஞ்சு போச்சு அண்ணை? ஒரு மன்னிப்புத்தானே."

குடிக்கிறவன் என்று நான் அவனை வெறுக்கவில்லை. அது அவனுக்கும் சாமிக்கும் இடையில் உள்ள கணக்கு. ஆனால் ஒரு வருடமாக என் மனைவி குளிரில் நின்றதைத் தலைக்கு மேலே இருந்துகொண்டு அவன் அறிந்திருந்தான். எங்கள் வீட்டுக்கு வந்து அந்தத் தாளிக்காத பருப்பைச் சாப்பிட்டிருக்கிறான். "அக்கா, முந்தின ருசி இல்லை" என்றும் சொல்லியிருக்கிறான்.

"எழும்பிச் சொன்ன வாயாலை வாற கூட்டத்திலை உண்மையைச் சொல்லு. வேறை ஒண்டும் எனக்கு வேண்டாம்."

"சொல்லுறன் அண்ணை. முருகன் சத்தியமாய்."

"இண்டைக்குச் சூரன்போர். அவரை இதுக்குள்ளை இழுக்காதை."

கீழே வந்து மனைவிக்குச் சொன்னேன். திருநீற்றுத் தட்டோடு நின்றவள் கதிரையில் இருந்துவிட்டாள்.

"நான் கதவுக்குக் கீழை துவாய் வைச்சது பியருக்கோ?"

சிரிக்கிறாள் என்று நினைத்தேன். அழுதாள்.

அடுத்த வசந்தக் கூட்டத்துக்கு அவன் வரவில்லை. வேலை அவசரம் என்று தொலைபேசியில் செய்தி அனுப்பினான். நான் போனேன். சொல்ல வேண்டியதை மகளிடம் கேட்டுப் பாடமாக்கியிருந்தேன். "அப்பா, பயப்பிடாமல் மெதுவாய்ச் சொல்லுங்கோ" என்று சொல்லி அனுப்பினாள். கடைசியில், வேறு ஏதும் உண்டா என்று கேட்டபோது எழுந்தேன்.

"போன வருடம் சொன்ன மணம் எங்கள் வீட்டுச் சாப்பாடு இல்லை. நாங்கள் மன்னிப்புக் கேட்டது பிழை."

தலைவர் புருவத்தை உயர்த்தினார். "எந்த மணம்?"

"படிக்கட்டில் வந்த மணம்."

"அப்படியென்றால் யாருடைய வீடு?"

மேல்வீடு என்று சொல்ல ஒரு சொல் போதும். சொன்னால் அவனுடைய கலியாணக் கதை என்ன ஆகும் என்று யோசித்தேன். அவன் எங்களுக்குச் செய்ததை நான் அவனுக்குச் செய்ய மனம் வரவில்லை. கீழ்வீட்டு அம்மாவைப் பார்த்தேன். அடுப்பில் கை வைத்துப் பார்த்தவர் அவர். அவர் கோப்பிக் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்களுடையது இல்லை" என்றேன் மறுபடியும்.

"நல்லது, நன்றி" என்றார் தலைவர். அடுத்ததாகச் சைக்கிள் நிறுத்துமிடத்துக்குக் கூரை போடுவதைப் பற்றிப் பேசினார்கள்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி, "என்ன சொன்னவை?" என்றாள்.

"நான் சொல்லிப்போட்டன்."

"அவை?"

"கேட்டவை."

கூட்டம் முடியட்டும் என்று அதுவரை கதவடியில் விட்டிருந்த துவாயை அவள் எடுத்துக்கொண்டு போய்த் துவைக்கப் போட்டாள்.

அந்த வெள்ளிக்கிழமை வீட்டில் சாம்பிராணி புகைந்தது. பச்சரிசிப் புக்கை பொங்கி, கடலையைக் கடுகும் செத்தல் மிளகாயும் போட்டுத் தாளித்தாள். படைத்துக் கும்பிட்ட பிறகு, பழக்கத்தில் மேல்வீட்டுக்கென்று ஒரு பெட்டியில் புக்கை போட்டாள். மூடியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"மேலை குடுக்கிறதோ?"

"வேண்டாம்."

அவள் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, பெட்டியில் இருந்ததைத் திரும்பப் பானைக்குள் போட்டாள். சாமிக்குப் படைத்ததை ஒருவருக்கு இல்லை என்று சொன்னது என் வாழ்வில் அதுதான் முதல் தடவை. அன்று என் பங்குப் புக்கையைப் பாதியில் வைத்துவிட்டு எழும்பினேன். அடுத்த வெள்ளிக்கிழமையும் கொடுக்கவில்லை.